மாமரத்துப் பெட்டியில் யார் குடியிருக்கிறார்கள்?

வாசகர் கேள்வி – பதில்

பதில் எழுதுபவர் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து அரசுப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த இதழில் மரங்களில் கட்டும் கூடுபெட்டிகள் பற்றி வந்த கேள்விகள்.

“அம்மா, எங்கள் மாந்தோப்பில் மைனா வரும் என்று போன வருஷம் ஒரு பலகைப் பெட்டி கட்டினேன். மைனா வரவில்லை. துளை வழியாகப் பார்த்தால் உள்ளே தேங்காய் நார் அடைந்து கிடக்கிறது. ‘எலி குடி வந்துவிட்டது, கழற்றி அடுப்பில் போடு’ என்கிறார் அப்பா. என்ன செய்யட்டும்?”
— இளம் விவசாயி, அஞ்செட்டி

கழற்ற வேண்டாம் தம்பி. தேங்காய் நார் என்று நீங்கள் எழுதியதுமே எனக்கு அணில் ஞாபகம்தான் வந்தது.

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் பழைய தாம்புக் கயிறு ஒன்று கிடக்கிறது. ஒரு பெண் அணில் அதன் நுனியில் வந்து உட்கார்ந்து, புரியைப் பல்லால் பிரித்து, நாரை ஒவ்வொன்றாக உருவும். உருவியதை முன்னங்கால் இரண்டாலும் சுருட்டிச் சுருட்டி வாய்க்குள் அடக்கும். வாயின் இருபக்கமும் நார் துருத்திக்கொண்டிருக்க, மதில்மேல் ஓடி, முருங்கையில் தாவி, புங்கமரத்துப் பெட்டிக்குப் போகும். துளையில் தலையை விட்டதும் நார் இரண்டு பக்கமும் முட்டும். பின்வாங்கி, மறுபடி சுருட்டி அமுக்கிக்கொண்டு, அப்புறம்தான் நுழையும். அணில் விட்டுப்போன கூடு ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். வெளிச்சுற்று முழுக்க நாரும் சாக்குப் பிசிறும். உள்ளே போகப் போக மெத்தென்று இலவம்பஞ்சு, நூல், பழைய சேலைத் துணியின் இழை. நடுவில் ஒரு கைப்பிடி அளவுக்குக் குழி. குட்டிகள் கிடப்பது அந்தக் குழியில்தான்.

வீட்டு எலியும் மரம் ஏறும், பெட்டிக்குள்ளும் போகும். ஆனால் அதன் கூட்டில் இந்த ஒழுங்கு இருக்காது. கிழித்த இலை, பிளாஸ்டிக் துண்டு, கொறித்த கொட்டையின் ஓடு, தரையெல்லாம் கறுத்த புழுக்கை, மூத்திர வாடை என்று குப்பையாகக் கிடக்கும்.

நீங்கள் காட்டோரம் இருப்பதால் இன்னொரு பிராணியையும் சொல்ல வேண்டும். பத்து, இருபது கிராம் மட்டுமே எடை உள்ள ஒரு மரச்சுண்டெலி நம் தென்னிந்தியக் காடுகளிலும் தோப்புகளிலும் உண்டு. வால் உடம்பைவிட நீளமாக இருக்கும். கிளையில் நடக்கும்போது அந்த வாலைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். பழமும் மொட்டும் தின்னும். புல்லையும் இலையையும் உருண்டையாக்கி மரப்பொந்திலோ கிளைச் செறிவிலோ வைத்து வாழும். பெட்டியில் பச்சை வாடிய புல்லுருண்டை மட்டும் தென்பட்டால் அதுவாக இருக்கலாம். ‘எலி’ என்று அப்பா சொல்வது அப்போது சரிதான், ஆனால் அடுப்பில் போட வேண்டிய எலி அல்ல அது.

திறந்து பார்க்காமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பொழுது சாய அரைமணி நேரம் இருக்கும்போது பத்தடி தள்ளி அசையாமல் உட்காருங்கள். அணில் பகல் பிராணி, வெளிச்சம் இருக்கும்போதே கூடு திரும்பிவிடும். மரச்சுண்டெலியும் எலியும் இருட்டிய பிறகுதான் துளையில் மூக்கை நீட்டும். உள்ளே போவதைப் பார்த்தீர்களா, வெளியே வருவதைப் பார்த்தீர்களா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். அப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

அணில் சினைப்பட்டு ஏறக்குறைய 34 நாளில் குட்டி போடும், பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று. குட்டிகள் பால் மறக்கப் பத்து வாரம் வரை ஆகும். இதற்கிடையில் மூடியைத் திறந்தால் தாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறு இடம் தேடும். அப்படிக் கொண்டுபோகும் வழியில்தான் காக்கையும் பூனையும் காத்திருக்கும்.

“பள்ளியில் தேசிய பசுமைப் படை மாணவர்களை வைத்து அணில், மர எலி போன்றவற்றுக்குப் பெட்டி செய்து வளாகத்தில் கட்ட ஆசை. அளவு, மரம், கட்டும் முறை எல்லாம் விவரமாகச் சொல்லுங்கள்.”
— ஆசிரியை, இராயக்கோட்டை

நல்ல வேலை டீச்சர். முதலில் பலகை. இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாத கனம் வேண்டும். பழைய கதவு, கட்டில் பலகை, மா, வேம்பு எதுவும் ஆகும். பெயின்ட் அடித்ததும் கரையான் மருந்து பூசியதும் ஆகாது. பிளைவுட்டைத் தவிர்த்துவிடுங்கள். நம் ஐப்பசி மழையில் ஓரம் ஊறி இதழ் இதழாகப் பிரியும். உள்பக்கம் இழைப்புளி போடவே கூடாது. வழவழப்பான சுவரில் குட்டியால் ஏறி வெளியே வர முடியாது. துளைக்குக் கீழே உள்பக்கமாக உளியால் குறுக்குக் கோடுகள் வெட்டிவிடச் சொல்லுங்கள். பெட்டியின் மற்ற எல்லா வேலையையும்விட இந்தக் கோடுகளைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். கடையில் அழகாகச் செய்து விற்கும் பெட்டிகளில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

உள்ளளவு அடியில் 15க்கு 15 செ.மீ., உயரம் 25 முதல் 30 செ.மீ. துளையை மேல்பாதியில் வையுங்கள். அணிலுக்கு 5 செ.மீ. தாராளம், மரச்சுண்டெலிக்கு 3 செ.மீ. போதும். துளை பெரிதாகப் பெரிதாக மைனாவும் கிளியும் சண்டைக்கு வரும். அடியில் மூலைக்கு ஒன்றாக நான்கு சிறு ஓட்டைகள் போட்டால் நுழைந்த தண்ணீர் வடிந்துவிடும். மூடி சரிவாக, முன்பக்கம் நான்கு விரல் நீட்டிக்கொண்டிருக்கட்டும். தகர மூடி மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் பெட்டியைக் கெடுப்பது வெயில்தான். சித்திரையில் 38, 39 டிகிரி காய்கிறது. மரப்பொந்தைச் சுற்றி ஒரு சாண், இரண்டு சாண் கனத்துக்குப் பச்சை மரமும் ஈரமும் இருக்கும். அதனால் உள்ளே பகலில் வெளியைவிடக் குளிர்ச்சி, இரவில் வெளியைவிடக் கதகதப்பு. பலகைப் பெட்டிக்கு அந்தக் கனம் கிடையாது. ஆஸ்திரேலியாவில் பொந்தையும் பெட்டியையும் அருகருகே வைத்து வெப்பம் அளந்து பார்த்தார்கள். பெட்டிகள் பகலில் பொந்தைவிட வெகுவாகச் சூடேறின, நேர்வெயிலில் இருந்தவை உள்ளே இருக்கும் பிராணிக்கு ஆபத்தாகும் அளவுக்கே சூடேறின. ஆகவே மேற்கு, தென்மேற்கு முகம் வேண்டாம். வடக்கு அல்லது கிழக்குப் பக்கம், அதுவும் புளி, மா, புங்கன் போல அடர்ந்த நிழல் உள்ள மரமாகப் பாருங்கள். கிழக்கு முகம் என்றால் வடகிழக்குப் பருவமழைச் சாரல் அடிக்கும். பெட்டியை முன்பக்கம் சற்றே சாய்த்துக் கட்டினால் சமாளிக்கலாம். தைல மரத்தில் கட்டாதீர்கள், அதன் நிழல் போதாது.

உயரம் பத்து முதல் பதினைந்து அடி. ஆணி அடிக்க வேண்டாம். கெட்டிக் கம்பியைப் பழைய சொட்டுநீர்க் குழாய்க்குள் நுழைத்து மரத்தைச் சுற்றிக் கட்டுங்கள். நம் பக்கம் தக்காளித் தோட்டத்து வரப்பெல்லாம் அந்தக் குழாய் கிடக்கிறது, காசு கொடுக்க வேண்டியதில்லை. குழாய் இருந்தால் கம்பி பட்டையை அறுக்காது. வருஷத்துக்கு ஒருமுறை தளர்த்திக் கட்ட வேண்டும், மரம் பருக்கும் அல்லவா?

கூடு காலியானது உறுதியான பிறகு, வருஷத்தில் ஒருமுறை சுத்தம் செய்யலாம். அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு பெரியவர்கள் எடுத்து, பெட்டியை ஒரு நாள் முழுக்க வெயிலில் காயப்போட்டுக் கட்டினால் போதும்.

“பெட்டிக்குள் நாமே வைக்கோல், பஞ்சு போட்டுவிட்டால் சீக்கிரம் வருமா?”
— வாசகி, ஊத்தங்கரை

வேண்டாம் அம்மா. அதது தன் விருப்பத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துக்கொள்ளும். நாம் போட்ட வைக்கோல் மழையில் ஊறிப் பூசணம் பிடித்தால் வர இருந்ததும் வராது. கொஞ்சம் தேங்காய் நாரையும் பருத்தி நூலையும் வேலியோரம் தொங்கவிடுங்கள், போதும். நைலான் நூல் மட்டும் கூடாது, குட்டியின் காலில் சுற்றிக்கொள்ளும்.

“மேடம், வெளிநாட்டில் காட்டு எலிகளுக்குப் பெட்டி வைத்துக் கணக்கெடுக்கிறார்கள் என்று படித்தேன். எதற்காக? நம் ஊரிலும் அப்படிச் செய்ய முடியுமா?”
— பத்தாம் வகுப்பு மாணவி, பென்னாகரம்

நீ படித்தது இங்கிலாந்தின் ஹேசல் டார்மவுஸ் பற்றியதாக இருக்கும் கண்ணு. மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், மயிரடர்ந்த வால், கோடையில் இருபது கிராமைச் சுற்றி எடை. இரவில் மரக்கிளைகளிலேயே திரியும், குளிர்காலம் முழுக்கத் தரையில் சுருண்டு உறங்கும். இருட்டில் மரத்தில் திரிவதை எப்படி எண்ணுவது? அதற்குத்தான் பெட்டி. சுமார் மூன்றரை சென்டிமீட்டர் துளை போட்டு, துளை அடிமரத்தைப் பார்த்திருக்கும்படி திருப்பிக் கட்டுவார்கள். மரத்தோடு ஊர்ந்து வரும் பிராணிக்கு அது எளிது, பறவைக்குச் சிரமம். நம் ஊரிலும் மரச்சுண்டெலிக்கு இப்படித் திருப்பிக் கட்டிப் பார்க்கலாம்.

அதன் கூட்டைப் பார்த்தே அடையாளம் சொல்வார்கள். ஹனிசக்கிள் என்னும் கொடியின் பட்டையை நாராக உரித்துப் பின்னி, சுற்றிலும் இலை வைத்து இறுக்கமான உருண்டையாக்கும். அதே பெட்டியில் காட்டுச் சுண்டெலி வந்தால் வெறும் இலைக் குவியல்தான். சில பெட்டிகளில் சின்னஞ்சிறு மூஞ்சூறு இருக்கும், சிலவற்றில் சிட்டு வகைப் பறவை. பயிற்சி பெற்று உரிமம் வாங்கிய தன்னார்வலர்கள் மட்டுமே அங்கே பெட்டியைத் திறக்கலாம். பல பத்தாண்டுகளாக இப்படிச் சேர்த்த கணக்கை வைத்துத்தான், 2000க்குப் பிறகு அந்த நாட்டு டார்மவுஸ் எண்ணிக்கை 70 விழுக்காடு சரிந்திருக்கிறது என்று 2023 அறிக்கையில் சொல்ல முடிந்தது. பெட்டிகள் இல்லாதிருந்தால் அந்தச் சரிவு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் கதை வேறு. அங்கே லெட்பீட்டர் பாசம் என்று ஒன்று உண்டு. கங்காருவைப் போலப் பையில் குட்டி வளர்க்கும் இனம், எடை நூற்றைம்பது கிராமைத் தாண்டுவது அரிது. அழிந்துவிட்டது என்று எழுதிவைத்திருந்த பிராணியை 1961இல் மறுபடி கண்டார்கள். அது குடும்பமாக வாழப் பெரிய மரப்பொந்து வேண்டும். அந்தக் காட்டு யூகலிப்டஸ் மரங்களில் அப்படிப் பொந்து விழ நூறு வருஷத்துக்கு மேல் ஆகும். 1939 காட்டுத்தீயும் மரம் வெட்டுதலும் போக மிஞ்சிய முதுமரங்களும் ஒவ்வொன்றாகச் சாய்ந்து வருகின்றன. இளமரங்கள் பொந்து விடும் வரை இடைவெளியை நிரப்பத்தான் பெட்டி. சில இடங்களில் பாசம் பெட்டிகளில் நன்றாகவே குடியேறியது, சில இடங்களில் திரும்பியும் பார்க்கவில்லை. பெட்டிகள் சில வருஷத்தில் உளுத்து விழுந்ததும் உண்டு, ஐரோப்பியத் தேனீ பிடித்துக்கொண்டதும் உண்டு.

ஒன்றைக் குறித்துக்கொள். பின்லாந்தின் பறக்கும் அணில் ஆகட்டும், ஆஸ்திரேலியச் சறுக்குப் பாசம் ஆகட்டும், ஒரே வீட்டில் இருப்பதில்லை. தெள்ளுப்பூச்சி பெருகினாலோ எதிரி மோப்பம் பிடித்தாலோ அடுத்த பொந்துக்கு மாறும். ஆகவே ஒரு பெட்டி காலியாக இருப்பது தோல்வி அல்ல. அருகருகே நாலைந்து வைத்தால்தான் அவற்றின் நடமாட்டம் பிடிபடும்.

நீங்கள் செய்ய முடியுமா என்றால், பள்ளி வளாகத்திலும் பட்டா நிலத்திலும் தாராளமாகச் செய்யலாம். திறக்காமல், துளையோரத்து நார், கீழே விழும் கொட்டை ஓடு, பொழுது சாயும் நேரத்து வரவு போக்கு இவற்றை மட்டும் நோட்டில் எழுதுங்கள். கைபேசி வெளிச்சத்தைத் துளைக்குள் அடிக்க வேண்டாம்.

“காவிரிக்கரையில் இருக்கும் பெரிய சாம்பல் நிற அணிலுக்கும், எங்கள் ஏரிப்பக்கம் முன்பு பார்த்த தேவாங்குக்கும் பெட்டி வைத்தால் பெருகுமா?”
— ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், பென்னாகரம்

இரண்டுக்கும் பெட்டி உதவாது ஐயா. சாம்பல் நிற மலையணில் ஒரு கிலோவுக்கு மேல் எடை உள்ளது. பொந்தை நம்பாமல், உயரக் கிளைக்கவட்டில் குச்சியும் இலையும் அடுக்கித் தானே பெரிய கூடு கட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட கூடும் வைத்திருக்கும். அதற்குத் தேவை ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தைத் தொடுவது. நீர்மருதும் புங்கனும் நாவலும் கைகோத்து நிற்கும் ஆற்றங்கரை அதற்கு ஊர். நடுவில் இரண்டு மரம் போனால் அது தரையில் இறங்கி ஓட வேண்டும், இறங்கினால் நாய்க்கு இரை. அது வாழும் காடு இப்போது காவிரி வடக்கு, காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயங்களுக்குள் வருகிறது. முன்னது 2014இல் அறிவிக்கப்பட்டது, 504 சதுர கிலோமீட்டர். பின்னது 2022இல், 686 சதுர கிலோமீட்டர். சரணாலயத்துக்குள் நாமாகப் போய் எதையும் கட்டக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பிராணி அது. உங்கள் நிலம் ஆற்றோரம் இருந்தால் கரைமரங்களுக்கு இடையே விட்டுப்போன இடத்தில் ஒரு நீர்மருதுக் கன்று வையுங்கள். பெட்டியைவிட அதற்கு அதுதான் பெரிய உதவி.

தேவாங்கு பகலில் முள்ளும் கொடியும் பின்னிய புதரில், கிளையைப் பற்றியபடி பந்தாகச் சுருண்டு தூங்கும். வரப்பு வேலியை ஜேசிபி வைத்து வழித்துவிட்டுப் பெட்டி கட்டிப் பயனில்லை. தேவாங்குக்கென்றே 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் சரணாலயம் அறிவித்தார்கள், 11,806 ஹெக்டேர். அங்கேயும் காப்பாற்றுவது அந்தப் புதர்க்காட்டைத்தான்.

“அணிலுக்கு வைத்த பெட்டியில் தேனீ வந்துவிட்டது. புகை போட்டு விரட்டலாமா?”
— வாசகர், பாலக்கோடு

விரட்டாதீர்கள். பலகைப் பெட்டிக்குள் அடுக்கடுக்காக அடை கட்டியிருந்தால் அது நம் பொந்துத் தேனீ. ஆஸ்திரேலியாவில் பெட்டியைப் பிடிக்கும் தேனீ வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது, அங்கே அது தொல்லை. இங்கே பொந்துத் தேனீ இந்த மண்ணுக்கே உரியது, அணிலுக்கு எவ்வளவு உரிமை உண்டோ அதற்கும் அவ்வளவு உண்டு. உங்கள் மாவும் புளியும் காய் பிடிக்க உதவுவதும் அதுதான். அணிலுக்கு இன்னொரு பெட்டி வேறு மரத்தில் கட்டுங்கள். பிள்ளைகள் நடமாடும் வழியில் இருந்தால் மட்டும் தேன் வளர்ப்பவரைக் கூப்பிட்டுப் பெட்டி மாற்றச் சொல்லுங்கள்.

“எங்கள் களத்து மேட்டில் தாத்தா காலத்துப் புளியமரம். அடியில் ஆள் நுழையும் அளவு பொந்து. ‘உள்ளே செத்துவிட்டது, விழுவதற்குள் வெட்டி விற்றுவிடு’ என்று மர வியாபாரி சொல்கிறார். மகன் அந்தப் பணத்தில் பத்துக் கூடுபெட்டி செய்து புதுக் கன்றுகளில் கட்டலாம் என்கிறான்.”
— குடும்பத் தலைவி, அரூர்

அம்மா, மகனின் மனசு நல்ல மனசு. ஆனால் இந்தக் கணக்கு நேராகாது. அந்த ஒரு மரத்தில் பல அளவில் பல பொந்துகள் இருக்கும். மேலே கிளை ஒடிந்த ஓட்டையில் புள்ளி ஆந்தை, நடுமரத்தில் கிளி, கவட்டைப் பொந்தில் பகலெல்லாம் தூங்கும் மரநாய், பட்டை இடுக்கில் கைவிரல் நீளத்துச் சிறு வௌவால், அணில், மர எலி என்று எல்லாம் அடங்கும். பத்துப் பெட்டி வைத்தாலும் மரநாய் நுழைய ஒரு பெட்டி இராது, வௌவாலுக்கு வேண்டிய ஒரு விரற்கடை இடுக்கும் இராது. பெட்டிகளைப் புதுக் கன்றில் கட்டவும் முடியாது, பாரம் தாங்க அவற்றுக்கே பல வருஷம் ஆகும்.

‘உள்ளே செத்துவிட்டது’ என்பதும் பாதி உண்மைதான். மரத்தின் வைரப்பகுதி எப்போதுமே உயிரற்ற மரம்தான். தண்ணீரை மேலே கொண்டுபோவதும் வளர்வதும் பட்டையை ஒட்டிய வெளிச்சுற்று. நடு உளுத்துப்போன புளி எத்தனையோ வருஷம் காய்ப்பதை நம் சாலையோரங்களில் நீங்களே பார்த்திருப்பீர்கள். இந்த வருஷம் புளி எவ்வளவு உலுக்கினீர்கள் என்று எழுதவில்லை. காய்ப்பு குறையாமல், உச்சிவரை தழை பச்சையாக இருந்தால் மரம் நலமாகவே இருக்கிறது. வியாபாரி பார்ப்பது செங்கல் சூளைக்கான விறகையும் கறிக்கடைக்கான கட்டையையும்.

பயப்பட வேண்டியது எதற்கென்றால், வெளிச்சுற்று மெலிந்துபோய், மரம் ஒரு பக்கம் புதிதாகச் சாய ஆரம்பித்து, வேரோரம் மண் விரிசல் விடுவதற்கு. அப்படி ஏதும் இருந்தால் வீட்டுப் பக்கமோ பாதைப் பக்கமோ நீண்ட பெருங்கிளையை மட்டும் இறக்கிப் பாரம் குறைக்கச் சொல்லுங்கள். கிளையை அடியோடு வழிக்காமல் இரண்டு முழம் விட்டு வெட்டினால் அந்த முளையிலும் நாளைக்குப் பொந்து விழும். வெட்டுவதற்கு முன் இரண்டு மூன்று நாள் சாயங்காலம் மகனை மரத்தடியில் உட்காரச் சொல்லுங்கள். எந்த ஓட்டையிலிருந்து எது வருகிறது, எது குட்டிக்கு இரை கொண்டுபோகிறது என்று பார்த்து எழுதட்டும். குட்டி உள்ள கிளை என்றால் அவை வெளியேறும் வரை பொறுங்கள். மகன் செய்ய நினைத்த பெட்டிகளில் இரண்டை மட்டும் களத்து மேட்டு வேம்பில் கட்டலாம், கிளை இறக்கும் நாளில் அணில் ஒதுங்கிக்கொள்ள இடம் இருக்கும்.